பத்தாம் வகுப்பு வரிசை

பதினொன்றாம் வகுப்புக்கு வந்தவளுக்கு
மதியம் பசிக்காது என்று
யாரோ எங்கோ முடிவு செய்திருக்கிறார்கள்.
சத்துணவு பத்தோடு சரி.
வாசனைக்கு மட்டும் வகுப்புத் தெரியாது.
மூன்றாவது பீரியடில்
தாளித்த கடுகு
விலங்கியல் பாடத்துக்குள் வந்து உட்காரும்.

காலையில் என்ன சாப்பிட்டாய்?
விரலைக் குத்தியபடி நர்ஸ் அக்கா கேட்டார்.
இட்லி என்றேன்.
பின்னால் நின்ற நாகவேணியும் இட்லி என்றாள்.
அவளுக்குப் பின்னால் பூரி.
அன்றைக்கு மாரண்டஅள்ளியே
பலகாரம் தின்றிருந்தது.

சீட்டில் எட்டுப் புள்ளி நாலு.
பன்னிரண்டு இருக்கணும் என்றார்.
கணக்குப் போட்டேன், எழுபது சதவீதம்.
முதல் வகுப்பு என்று சொல்லிச் சிரித்தோம்.
ஏழு வாங்கியவள் மட்டும்
சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கீரை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு,
வாரம் ஒருமுறை ஈரல்,
சாப்பிட்டதும் டீ குடிக்காதே.
கடைசி ஒன்று நம்மால் முடியும் என்று தோன்றியது.
அப்புறம்தான் யோசித்தேன்,
டீதான் காலைச் சாப்பாடு.

வீட்டில் தக்காளி இருந்தது.
ராயக்கோட்டையில் கிலோ நாலு ரூபாய்க்குக் கேட்டார்கள் என்று
அப்பா இறக்காமல் திருப்பிக்கொண்டு வந்த
பதினோரு பெட்டி.
தக்காளி ரசம், தக்காளிக் குழம்பு,
களியைக் கிள்ளித் தோய்க்கத் தக்காளித் தொக்கு.
அந்த மாதம் எங்கள் வீட்டில்
சிவப்பாக இல்லாதது
என் நகம் ஒன்றுதான்.

அம்மா நாலரைக்குப் பறிப்புக்குப் போவாள்.
களி கிண்டுவது அவள் வந்த பிறகு.
என் பஸ் ஏழு பத்து.
நடுவில் ஐந்து ரூபாய்.
ஐந்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் மஞ்சள் குழல்,
விரலில் மாட்டி மாட்டித் தின்னலாம்.
பத்து விரலுக்கும் மோதிரம் போட்டுக்கொண்டு
பள்ளிக்கூடம் போவேன்.

வியாழக்கிழமை நீல மாத்திரை.
வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.
நாக்கடியில் ஒதுக்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு
கழிப்பறைக்குப் பின்னால் துப்புவோம்.
புங்கமரத்தடி முழுக்க நீலம்,
எறும்புகூட மொய்க்காது.
குத்திப் பார்த்தால் அந்த மரத்துக்குப்
பதினாறு இருக்கும் என்பாள் நாகவேணி.

நேற்று கொடியில் சீருடை காயவில்லை.
பெட்டியிலிருந்து
பத்தாம் வகுப்பில் போட்டதை எடுத்தேன்.
அப்படியே பொருந்தியது.
தோளில், இடுப்பில், நீளத்தில்
ஒரு விரற்கடை மாற்றமில்லை.
துணிக்காசு மிச்சம் என்றாள் அம்மா.
நான் கண்ணாடி முன்னால்
கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

மதியம் கால்கள்
பழைய சீருடை சொன்ன பக்கம் போயின.
சாலம்மாக்கா கரண்டியை நிறுத்திப் பார்த்தாள்.
போன வருஷம் முழுக்க எனக்குப் போட்ட கை.
பதிவேட்டிலிருந்து நிமிராமலே
அமைப்பாளர் பெயர் கேட்டார்.

முனிரத்னா, என்றேன்.

முனிரத்னா ஆடிக்கு முன்பே போனவள்.
ஓசூர்ப் பக்கம், மாமா மகனுக்கு.
பதினைந்து முடியவில்லை.
பெயரை இன்னும் யாரும் அடிக்கவில்லை.

சாலம்மாக்கா ஒன்றும் சொல்லவில்லை.
முதலில் முட்டையை வைத்தாள்.
பிறகு அதன்மேல் சோற்றைப் போட்டு மூடினாள்.

சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்து பிட்டேன்.
அதிகம் வெந்த மஞ்சள்கருவைச் சுற்றிப்
பச்சை வளையம்.
மிளகு தொண்டையைப் பிடித்தது.
பாதியில் நினைப்பு வந்தது,
இந்நேரம் முனிரத்னா
எத்தனை பேருக்குப் பரிமாறிக்கொண்டிருப்பாள்,
சட்டியில் என்ன மிஞ்சியிருக்கும்.

மீதிப் பாதியையும் தின்றேன்.
விரலையும் நக்கினேன்.

நாளை வியாழன்.
சோற்றுக்குப் பிறகு போட்டால்
மாத்திரை உள்ளேயே நிற்குமாம்.
கொடியில் பதினொன்றாம் வகுப்புச் சீருடை
மொடமொடவென்று காய்ந்திருக்கிறது.
எடுத்து
வாளித் தண்ணீரில் மறுபடி அமுக்கி வைத்தேன்.